பார்த்துக்கொள் என்று சொன்னவள்

புதிதாக நாடகம் போட வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். மேடையில் எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் கிழவன் புராணத்தை ஆரம்பித்துவிட்டான் என்பீர்கள். ஆனால் போன வாரம் உங்களில் ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டாள். பெரிய இடத்துப் பாத்திரத்தை எப்படி நடிக்க வைப்பது என்று. அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வழக்கமாக என்ன செய்கிறீர்கள்? பணக்காரர் என்றால் குரலை உயர்த்தச் சொல்கிறீர்கள். மீசையை முறுக்கச் சொல்கிறீர்கள். பெண்ணாக இருந்தால் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்காரியை அதட்ட வேண்டும். நிஜத்தில் நாலு தலைமுறையாக வசதியில் இருக்கிறவர்கள் யாரையும் அதட்டுவதில்லை. அதட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததே இல்லை. எனக்கும் இது வெகுநாள் வரை தெரியாது. கீழ்க்கட்டளையில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் தெரிந்தது.

எண்பதுகளின் கடைசி. தாம்பரம், பல்லாவரம் பக்கத்து ஆபீஸ்களில் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் நாடகம் போடுகிற ஒரு குழு எங்களுடையது. ஆபீஸ் சம்பளத்துக்கு, நாடகம் உயிருக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்த கூட்டம். அந்த வருஷம் எங்கள் அப்பா காலத்து நாடகம் ஒன்றை மறுபடி எடுத்தோம், இயக்கம் நான். ஒரு ஜமீன் வீட்டு அம்மாளைப் பற்றிய கதை. அவளை நாடகம் முழுக்கப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரு மழை. ஏரி நிரம்பி வழிகிறது. ஜமீன் களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. ஏரி மடையைக் காக்கிறவன் வந்து என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். பெரியம்மா சொல்கிறாள்: "களத்து நெல் நனையக் கூடாது. பார்த்துக்கொள்." அவ்வளவுதான். அவன் போய்த் தாழ்வான பக்கத்து மடையைத் திறந்துவிடுகிறான். தண்ணீர் குடிசைகளுக்குள் புகுந்து ஒரு குழந்தை செத்துப்போகிறது. கடைசிக் காட்சியில் ஊர் கூடி மடைக்காரனைக் கட்டிவைத்திருக்கிறது. பெரியம்மாவைக் கேட்கிறார்கள். "நான் திறக்கச் சொல்லவில்லையே. பார்த்துக்கொள் என்றுதான் சொன்னேன்" என்கிறாள். பிறகு, செத்த குழந்தையின் தாயைப் பார்த்ததும் மனம் உடைந்து, "சொன்னது நான்" என்று ஒப்புக்கொள்கிறாள். திரை.

அந்தக் கடைசி இடத்தில் விழுந்து புரண்டு அழுவதுதான் அந்த நாடகத்தின் சம்பிரதாயம். சபையே சேர்ந்து அழும். கைதட்டல் அடங்க நேரமாகும். குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஒரு மூலையில் நிற்பாள். அவளுக்கு வசனம் கிடையாது. அவளை யாரும் பார்க்கவும் மாட்டார்கள். கண்ணீர் மொத்தமும் பெரியம்மாவுக்குப் போய்விடும். இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன தப்பு என்று சொல்லத்தான் தெரியவில்லை.

பெரியம்மாவாக நடித்தவள் மாலதி. அப்போது முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சேலையூரில் பெரிய வீடு. கீழ்க்கட்டளை மண்டபம் அவளுடைய மாமனாருக்குச் சொந்தம். மண்டபத்தில் விசேஷம் இல்லாத நாட்களில் எங்களுக்கு ரிகர்சலுக்கு இடம் கிடைத்ததே அவளால்தான். நல்ல பெண். யாரையும் கடிந்து ஒரு சொல் பேசமாட்டாள். எல்லோருக்கும் வீட்டிலிருந்து பஜ்ஜி கொண்டுவருவாள். ஆனால் அந்த ஒரு வசனம் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. "நான் திறக்கச் சொல்லவில்லையே" என்பதைப் பச்சைப் பொய் சொல்கிறவள் மாதிரி, கண்ணை உருட்டிக்கொண்டு சொல்வாள். நானும் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று மன்றாடிப் பார்த்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிகர்சலுக்கு நடுவில் கரண்ட் போய்விட்டது. மண்டபத்துக்கு ஜெனரேட்டர் உண்டு. ஆனால் கல்யாணத்துக்கு மட்டும்தான் அதைப் போட வேண்டும் என்பது மாமனாரின் கண்டிப்பான உத்தரவு. மண்டபத்து வாட்ச்மேன் ஆறுமுகம் மெழுகுவத்தி கொண்டுவந்தார். அனகாபுத்தூர்க்காரர், மாலதியைவிடப் பத்து பதினைந்து வயது மூத்தவர். மண்டபத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் குடியிருந்தார். மாலதி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "இந்த இருட்டுல எப்படி ஆறுமுகம் ரிகர்சல் பண்றது? கொஞ்சம் பார்த்துக்கோ" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆறுமுகம் தலையைச் சொறிந்துகொண்டு போனார். சற்று நேரத்தில் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் அந்த வெளிச்சத்தில் சுகமாக ஒத்திகை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, மண்டபத்துப் பின்கட்டில் ஆறுமுகத்தின் மனைவி பாத்திரங்களைக் கோணியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆறுமுகம் வழக்கம்போல எங்களுக்கு ஹாலைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். முகம் செத்திருந்தது.

"என்ன ஆறுமுகம், எங்க கிளம்பறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னாத்த சார் சொல்றது. டீசல வித்துத் துன்ட்டேன்னு ஆயிப்போச்சி. நாளைக்கி வூட்ட காலி பண்ணிக்கினு போவ சொல்ட்டாரு முதலாளி."

விஷயத்தை அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடுங்க முடிந்தது. வாரநடுவில் மண்டபத்தில் ஒரு கல்யாணம், விடியற்கால முகூர்த்தம். சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டரைப் போட்டால் நாலு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. டீசல் இல்லை. எங்கள் ரிகர்சலுக்கு ஓடியதில் தீர்ந்துபோனது போக அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்திருக்கிறது. வீடியோ லைட் அணைந்து, மைக் நின்று, இருட்டில் தாலி கட்டும்படி ஆகிவிட்டது. பெண்ணின் அப்பா ஆடித் தீர்த்துவிட்டார். மாமனார் டாங்கை நிரப்பிவைத்தவர். சமையல்காரர்கள், சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் பார்க்க ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, "எங்கடா வித்தே?" என்று கேட்டிருக்கிறார். "விக்கல முதலாளி, போட்டேன்" என்று சொன்னவர், எதற்குப் போட்டாய் என்றதும் வாயை மூடிக்கொண்டுவிட்டார். அப்புறம் சொல்ல வேண்டுமா? அவருடைய பெண் பிள்ளைகள் ரெண்டும் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்திருக்கின்றன.

"மாலதியம்மா கேட்டாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

ஆறுமுகம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எப்டி சார் சொல்றது? அவங்க போடுன்னு சொல்லலியே. பாத்துக்கோன்னுதான சொன்னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூலிக்காரனாக நின்று பெரிய வீட்டின் வசனத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வேண்டிய சமாதானத்தை அவளுக்கு முன்பே இவர் தயார் பண்ணி வைத்திருந்தார்.

மாலதி வந்தாள். அவளுக்குக் கல்யாணத்தில் ஏதோ கலாட்டா என்று மட்டும்தான் தெரியும். எல்லோரும் இருக்கும்போதே நான் விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு. பிறகு, நிஜமான ஆச்சரியத்தோடு, குழந்தை மாதிரி என்னைப் பார்த்து, "நான் ஜெனரேட்டர் போடச் சொல்லலையே சார். பார்த்துக்கோன்னுதானே சொன்னேன்" என்றாள்.

எங்கள் குழுவில் வசனம் எடுத்துக் கொடுக்கிற ரவி, வங்கியில் குமாஸ்தா, நல்ல பையன், ஆனால் இடம் பொருள் ஏவல் தெரியாது. கையில் நாடகப் பிரதியோடு எழுந்து நின்று, "மேடம், இதேதான். இதை இப்படியே ஸ்டேஜ்ல சொல்லிடுங்க, சூப்பர்" என்றான்.

அவனைத் திட்டாதீர்கள். அவன் வாய்விட்டுச் சொன்னான், நான் சொல்லவில்லை, அதுதான் வித்தியாசம். இத்தனை வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த தொனி அது. பெரியம்மா பொய் சொல்லவே இல்லை. தான் எந்த உத்தரவும் போடவில்லை என்று அவள் மனதார நம்புகிறாள். உத்தரவு போடாமலே வேலை நடக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு பெண் விக்கித்து நிற்கிறாள், எனக்குள் இருக்கிற இயக்குநருக்கு வசனம் கிடைத்துவிட்டது. இந்தத் தொழில் நம்மை இப்படித்தான் ஆக்கும், பிள்ளைகளே. அந்த நேரத்தில் யாருக்கு முதலில் பதில் சொல்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் லட்சணம் தெரியும்.

ரிகர்சலைக் கலைத்துவிட்டேன். போகும்போது எங்கள் ஆட்களில் மூத்தவர் ஒருவர் என்னை ஓரங்கட்டினார். "நமக்கெதுக்கு சார் வம்பு? அது அவங்க வீட்டு விவகாரம். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்க. இந்த எடமும் போயிடும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாடகத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை, மேடையேறப் போவதும் அதே மண்டபத்தில்தான்.

நானே நேராக மாமனாரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? மருமகள் செய்ததை ஊரான் வந்து சொன்னான் என்று ஆகும். அவர் என்னிடம் சிரித்துப் பேசிவிட்டு, உள்ளே போய் அவளைப் பிடித்துக்கொள்வார். ஆறுமுகமோ முதலாளி வீட்டைப் பற்றி வெளியாளிடம் வாய் கொடுத்தவன் ஆகிவிடுவார். முதலாளி வீட்டுக்குள்ளிருந்து பேசுகிற ஒரே ஒரு வாய்தான் ஆறுமுகத்தைக் காப்பாற்ற முடியும். ஆனால் அந்த வாய் திறக்கட்டும் என்று நான் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் குடும்பத்தினுடையது. என்னுடையது இல்லை.

வெளியே காருக்குக் காத்திருந்த மாலதியிடம் போனேன். "நான் நாளைக்குக் காலையில உங்க மாமனாரைப் பார்க்கப் போறேன்மா. அதுக்கு முன்னாடி நீங்க போயிட்டீங்கன்னா எனக்கு அங்க வேலை இல்லை" என்றேன்.

அவள் கார் வருகிற வழியைப் பார்த்தாள். "சார், எனக்கு அந்த வீட்டுல ஜெனரேட்டர் போடச் சொல்ற அதிகாரம் கிடையாது. நாடகத்துக்கு வரதே அவர் மனசில்லாமத்தான் விட்டிருக்கார். இதைச் சொன்னா அதோட சரி."

"தெரியும்மா."

"நான் கெட்டவளா சார்?" என்றாள். கண் நிறைந்திருந்தது.

அந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்வது சுலபம். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அழுது தீர்த்துவிட்டு, மனம் லேசாகி, வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாள். "அவங்க நாளைக்கு எங்க தங்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியலைம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை நான் மண்டபத்துக்குப் போனபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். ஆபீஸ் அறையில் மாமனார் உட்கார்ந்திருந்தார், அவள் நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. ஆறுமுகம் கொல்லைப்பக்கம் கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாமனார் வாங்கோ சார் என்று மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். அவள் எல்லாவற்றையும் அப்போதுதான் சொல்லி முடித்திருக்க வேண்டும்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மிக மிருதுவாக, அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறவர் மாதிரிப் பேசினார். "நீ ஏம்மா இதுக்கெல்லாம் கவலைப்படறே? நீ போடச் சொல்லியிருக்க மாட்டே. ஏதோ பார்த்துக்கோன்னு சொல்லியிருப்பே. அவன் அதிகப்பிரசங்கித்தனமா போட்டுட்டான். அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

எவ்வளவு வசதியான கதவு பாருங்கள். மானத்தோடு வெளியே போய்விடலாம். நாடகத்துக்கும் வரலாம்.

மாலதி புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நான் பார்த்துக்கோன்னு சொன்னா, அவர் வேற என்ன மாமா பண்ண முடியும்?" என்றாள். அழவில்லை. "முடியாதுன்னு என்கிட்ட அவரால சொல்ல முடியுமா? போடச் சொன்னது நான்தான்."

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "சரி, இருக்கச் சொல்லு" என்றார்.

அவள் நகரவில்லை. "திருடன்னு எல்லார் முன்னாடியும் சொன்னோம் மாமா."

"அதுக்கு? நான் போய் அவன் கால்ல விழணுமா?"

"நீங்க வேண்டாம் மாமா."

வெளியே போனாள். சமையற்கட்டில் அடுத்த விசேஷத்துக்கு வந்திருந்த ஆட்கள் அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நின்று, பின்கட்டில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற ஆறுமுகத்தின் மனைவியைப் பார்த்து, "அவர் எதையும் எடுக்கலை. நான் கேட்டுத்தான் ஜெனரேட்டர் போட்டார். தப்பு என்னுது" என்றாள். கூட்டத்துக்குச் சொல்கிற மாதிரி இல்லை, அந்த அம்மாளுக்கு மட்டும் சொல்கிற மாதிரி. அந்த அம்மாள் கோணி முடிச்சை அவிழ்த்துப் பாத்திரங்களை மறுபடி வெளியே எடுக்க ஆரம்பித்தாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழி இருந்த இடத்திலிருந்து எழுந்து நடந்து போவதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

மாமனார் என்னிடம், "இந்த நாடகத்தை முடிச்சுக்கட்டும் சார், விளம்பரம் பண்ணியாச்சு. இதோட போதும்" என்றார். மாலதியும் சரி என்று சொல்லிவிட்டாள். மறுபேச்சு இல்லை.

அடுத்த ரிகர்சலில் அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "கடைசி வசனத்தை நான் சபையைப் பார்த்துச் சொல்லணுமா, அந்தத் தாயைப் பார்த்துச் சொல்லணுமா சார்?" எனக்கு உறுத்திக்கொண்டிருந்த தப்பு என்னவென்று அப்போது புரிந்தது. பெரியம்மாவின் குற்றத்தை எடுத்து அவளுக்கே நகையாகப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தோம், அத்தனை வருஷமும். தாயைப் பார்த்துச் சொல் என்றேன். விழுந்து புரள்வதை எடுத்துவிட்டோம். அழுகையையும்தான்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. மாமனார் முதல் வரிசையில் தன் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சியில் மாலதி சபைக்கு முதுகு காட்டி, மூலையில் நின்ற தாயிடம் நாலடி நடந்து போய், "சொன்னது நான்" என்றாள். சத்தம்கூட அதிகமில்லை. சபை அழவில்லை. எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் விழித்தது. திரை விழுந்த பிறகு, ஊர்ப் பெரியவர் ஒருவர், "எல்லாம் நல்லா இருந்தது, அந்த லாஸ்ட் சீன்தான் எடுபடலை" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் இயக்கியதிலேயே சரியாக அமைந்த காட்சி அதுதான்.

மாலதி வேஷத்தைக் கலைக்காமலே ஓடிவந்தாள். "ஆறுமுகம் அண்ணா பார்த்தாரா சார்?"

"இல்லைம்மா. மாமனாரோட ஃப்ரெண்ட்ஸ் காரெல்லாம் வருதுன்னு அவரை கேட்டுலயே நிக்கச் சொல்லிட்டாங்க."

எனக்கு அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. நாங்கள் உள்ளே அந்த அழகான நியாயத்தைப் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம், யாருக்கு அது சேர வேண்டுமோ அந்த ஆள் வெளியே கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஜமீன் பட்டுப் புடவையும் கில்ட் நகையுமாக அவள் கேட்டுக்கு நடந்து போனாள். நான் பின்னால் போனேன். ஆறுமுகம் அவளைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "உக்காருங்க அண்ணா" என்றாள். "பரவால்ல சின்னம்மா" என்றார். அவர் உட்காரவில்லை. அவளும் திரும்பிப் போகவில்லை. அவர் அவளை மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாடகம் எழுதுகிறவர்கள்தான் நினைப்பார்கள். அந்த ஆள் மறுநாளும் அதே கேட்டில் நிற்க வேண்டும்.

மாமனாரின் கார் வந்து ஹாரன் அடித்தது. இரண்டு பக்கமும் திறக்க வேண்டிய பெரிய இரும்பு கேட் அது. ஆறுமுகம் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டு மறுபக்கத்துக்கு ஓடினார். அதற்குள் மாலதி அங்கே போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்திருந்தாள். கார் விளக்கின் வெளிச்சம் அவள் மேல் அடித்தது. உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கவில்லை.

"உடுங்க சின்னம்மா," என்றார் ஆறுமுகம். "பட்டுப் பொடவ. துரு ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும் அண்ணா" என்று சொல்லிவிட்டு, கார் வெளியே போகும்வரை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.